மொபைல் இருந்தால் போதுமாம்

அந்தக் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தேட வேண்டாம், அவருடைய பார்வைக் கணக்கில் இன்னொன்றைக் கூட்டிவிட எனக்கு விருப்பமில்லை. மேடையில் அவர், ஊடகப் பயிற்சி வகுப்பு நடத்துகிறவர். கீழே மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு மாணவி. "என்னம்மா படிக்கிறே?" "அரசுப் பல்கலைக்கழகத்துல இதழியலும் தொடர்பியலும் சார்." "அதைப் போய் எதுக்கு வருஷக்கணக்கா படிக்கணும்? கையில மொபைல் இருக்குல்ல, போதுமே!" அரங்கமே சிரிக்கிறது. அந்தப் பெண்ணும் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். அதே படிப்பைப் படித்துவிட்டு, சொந்தக்காரர்கள் முன்னால் நானும் பல வருடம் அப்படித்தான் சிரித்தேன்.

மூன்று நாளாக எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று பழைய நண்பர் ஒருவர் சிரிப்பு எமோஜி போட்டு என்னை டேக் செய்திருந்தார். சரி, எழுதிவிடுகிறேன்.

சொல்ல வேண்டியது ஒன்றுதான். காட்டுவதற்கு மொபைல் போதும். காட்டுவது உண்மையா என்று பார்க்க மொபைல் போதாது. அந்தப் பழக்கம் தானாக வராது. யாராவது உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டும், தப்பு செய்தால் குட்ட வேண்டும்.

எங்களைக் குட்டியவர் ஒரு வயதான ஆசிரியர். அவருடைய வகுப்பில் ஒரு விதி: செய்தியில் ஒருவர் பெயரைத் தப்பாக எழுதினால் பூஜ்யம். மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பூஜ்யம்தான். முதலாண்டில் மரணச் செய்தி எழுதும் பயிற்சி கொடுத்தார். நான் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, எனக்கே கண் கலங்குகிற மாதிரி எழுதிக்கொண்டு போனேன். இறந்தவரின் தலைப்பெழுத்து ஒன்று மாறியிருந்தது. பூஜ்யம். "சார், மத்ததெல்லாம் சரியா இருக்கே" என்று சண்டைக்குப் போனேன். அவர் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "செத்துப்போனவரைப் பத்தி வர்ற கடைசிச் செய்திப்பா இது. இதுலயாவது அவர் பேரை அவருக்குக் குடுக்க வேணாமா?"

அன்றைக்கு அவர் மேல் வந்த கோபம் ரொம்ப நாள் இருந்தது. அது எப்போது போனது என்றும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்து சில வருடம் கழித்து, ஒரு ராத்திரி, வயதான கலைஞர் ஒருவர் இறந்துவிட்டதாகச் செய்தி பரவியது. மற்றவர்கள் எல்லோரும் போட்டுவிட்டார்கள். "அவங்க வீட்டுல யாராவது சொல்ற வரைக்கும் போட முடியாது" என்று நான் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தேன். மேலே இருந்தவர் கத்திய கத்தலை இங்கே எழுத முடியாது. இருபது நிமிடம் கழித்து அந்தக் கலைஞரின் வீட்டில் போனை எடுத்தார்கள். "அப்பா தூங்குறாங்க, என்ன விஷயம்?" என்று மகள் கேட்டார். என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. மறுநாள் அலுவலகத்தில் பாராட்டு எதுவும் கிடைக்கவில்லை. "நேத்து நைட் நமக்கு ஏன் பார்வை கம்மி?" என்று கேள்விதான் வந்தது.

அந்த இருபது நிமிடப் பிடிவாதத்தை எந்த மொபைலில் டவுன்லோடு செய்வது என்று மேடையில் இருந்தவர் சொன்னால் நானும் தெரிந்துகொள்வேன்.

இப்போது கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு.

"பெரிய பெரிய பத்திரிகையாளர்கள் எல்லாம் இதைப் படித்தா வந்தார்கள்?" இல்லைதான். இதழியலுக்கென்று தனிப் பள்ளி தொடங்கிய முன்னோடிகளில் ஒன்று அமெரிக்காவின் மிசோரி பல்கலைக்கழகம், அதுவும் அரசுப் பல்கலைக்கழகம்தான். 1908-ல் அதைத் தொடங்கி முதல் தலைவராக இருந்த வால்டர் வில்லியம்ஸ் கல்லூரிப் படியே ஏறாதவர். அச்சுக்கூடத்தில் வேலை பார்த்து வளர்ந்த மனிதர். படிக்காமலே பெரிய ஆளான ஒருவர், "நான் வந்த மாதிரி நீங்களும் வாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகவில்லை, பள்ளிக்கூடம் கட்டினார். வகுப்பு தொடங்கிய அன்றே மாணவர்களை வைத்துப் பத்திரிகையும் அச்சடித்தார்கள். அமெரிக்கப் பத்திரிகை அதிபர் புலிட்சரும் இதழியல் பட்டம் வாங்கியவர் இல்லை. ஆனால் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதழியல் பள்ளி தொடங்க இருபது லட்சம் டாலர் ஒதுக்கிவிட்டுப் போனார். அவர் இறந்தது 1911-ல், பள்ளி திறந்தது 1912-ல். பட்டறிவிலேயே வளர்ந்த இந்த இரண்டு பேருக்கும் புரிந்தது மேடையில் இருந்தவருக்குப் புரியவில்லை.

அப்புறம், அந்தக் காலப் பத்திரிகை அலுவலகத்தில் மூத்த உதவி ஆசிரியர் இருப்பார், மெய்ப்பு பார்ப்பவர் இருப்பார். புதிதாக வந்தவன் எழுதியதைச் சிவப்பு மையால் குத்திக் கிழிப்பார்கள். அதுவும் ஒரு வகுப்பறைதான். அந்த நாற்காலிகளை எல்லாம் ஆட்குறைப்பில் காலி செய்துவிட்டு, மிச்சமிருக்கிற வகுப்பறையும் எதற்கு என்று கேட்டால் எப்படி?

"பாடத்திட்டம் பழசு." ஆமாம், பழசு. மறுக்கவில்லை. நான் படித்தபோது எட்டு பேருக்கு ஒரு கேமரா. முக்காலியில் ஒரு கால் நிற்காது, அதைப் பிடித்துக்கொள்ளவே முறை வைத்து ஒருவரை நியமித்திருந்தோம். கருவிகள் நாங்கள் வெளியே வருவதற்குள் மாறிவிட்டன. ஆனால் பழசு என்று நாங்கள் முணுமுணுத்த பாடங்கள்தான் இன்றைக்கும் கைகொடுக்கின்றன. 1948-ல் லாஸ்வெல் என்கிற அரசியல் அறிஞர் ஒரே ஒரு கேள்வியை எழுதி வைத்தார்: யார், என்ன சொல்கிறார், எந்த ஊடகத்தில், யாரிடம், என்ன விளைவோடு? தேர்வுக்கு முந்தின நாள் மனப்பாடம் செய்த விஷயம்தான். இதை அந்தக் காணொளிக்குப் போட்டுப் பாருங்களேன். யார் சொல்கிறார்? மூன்றே மாதத்தில் ஊடகக்காரர் ஆக்குகிறேன் என்று பயிற்சி வகுப்பு விற்கிறவர். யாரிடம் சொல்கிறார்? அடுத்த வருடம் எங்கே சேரலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடம். விளைவு என்னவென்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

இன்னொரு பழைய பாடம். 1968 அமெரிக்கத் தேர்தலின்போது மெக்கோம்ப்ஸ், ஷா என்று இரண்டு பல்கலைக்கழக ஆசிரியர்கள் வட கரோலினா மாநிலத்துச் சேப்பல் ஹில் ஊரில், இன்னும் முடிவெடுக்காத வாக்காளர்கள் நூறு பேரிடம் பேசினார்கள். அவர்களுக்கு எது முக்கியமாகப் பட்டது, ஊடகங்கள் எதை முக்கியமாகக் காட்டின என்று ஒப்பிட்டார்கள். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போயின. 1972-ல் அச்சான அந்தக் கட்டுரையை இன்றும் எல்லா நாட்டிலும் சொல்லித்தருகிறார்கள். அதுவும் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்து வேலைதான். மூன்று நாளாக நாம் எல்லோரும், நான் உட்பட, ஒரு முப்பது வினாடித் துண்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோமே, அது ஏன் என்று யோசிக்கச் சொல்லிக்கொடுத்தது அந்தப் படிப்புதான்.

"பட்டம் வாங்கியவர்களுக்கே ஒரு செய்தி ஒழுங்காக எழுதத் தெரியவில்லை." சிலருக்குத் தெரியவில்லை. பொறியியல் முடித்த எல்லோருக்கும் பாலம் கட்டத் தெரியுமா என்று திருப்பிக் கேட்கலாம், கேட்கவில்லை. "வேலை கிடைப்பதில்லை, கிடைத்தாலும் சம்பளம் இல்லை" என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அது உண்மை, அதைச் சொன்னால் நானும் சேர்ந்து கத்துவேன். ஆனால் அவர் சம்பளத்தைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரிக்க வைத்தார்.

எரிச்சலின் வேர் அங்கேதான் இருக்கிறது. அவள் தனியார் நிறுவனத்தின் பெயரைச் சொல்லியிருந்தால் இந்த நகைச்சுவை வந்திருக்குமா? கண்ணாடிச் சுவர், பளபள ஸ்டூடியோ வைத்த இடத்தில் அதே பாடத்தைப் படித்தால் "மீடியா ஸ்டடீஸ்", வாழ்த்துகள். அரசுப் பல்கலைக்கழகத்தில் படித்தால் "அதை எதுக்கும்மா?" எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் முதல் பட்டதாரிகள். கட்டணம் குறைவு என்பதால்தான் அந்த வாசலுக்குள் வந்தோம், நானும்தான். அந்த வாசல் இல்லையென்றால் செய்தி அறையில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? செய்தி அறையில் யார் உட்காருகிறார்களோ அவர்களுக்குத் தெரிந்தவர்களின் கஷ்டம்தான் செய்தியாகும். மற்றவர்களின் கஷ்டம் உள்பக்கத்தில் நாலு வரி. இதைக் கொள்கையாகச் சொல்லவில்லை, மேசையில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி விடுதித் தண்ணீர்ப் பிரச்சினையைப் பயிற்சிச் செய்தியாக எழுதினாள். இதெல்லாம் செய்தியா என்று நாங்களே கேட்டோம். ஆசிரியர் அதற்குத்தான் அதிக மதிப்பெண் போட்டார். அவள் இப்போது இந்தத் துறையில் இல்லை. ஏன் என்று எழுதினால் இந்தப் பதிவு வேறெங்கோ போய்விடும்.

டேக் செய்த நண்பருக்கு ஒன்று. நீங்கள் விளையாட்டாகத்தான் செய்தீர்கள், தெரியும். எனக்கு விளையாட்டாக இல்லை.

கடைசியாக, நேற்று ராத்திரி அந்தக் காணொளியை மறுபடி போட்டுப் பார்த்தேன். அந்தப் பெண் தன் பெயரை மைக்கில் தெளிவாகச் சொல்கிறாள். கீழே எழுத்தில் வேறு பெயர் ஓடுகிறது. பங்குபோட்ட எல்லோரும் அதே தப்புப் பெயரோடுதான் போட்டிருக்கிறார்கள். கமெண்டில் போய்ச் சொன்னேன். இன்று காலை வரை மாற்றவில்லை.