கூலிங் கிளாஸ் படுத்தும் பாடு

கோத்தகிரிப் பக்கம் மலைப்பாதையில் சைக்கிள் ஓட்ட ஒரு கண்ணாடி வேண்டும், அவ்வளவுதான். கடைக்காரர் நீட்டியதோ கன்னங்கரேலென்று, கருமை அளவில் மூன்றாம் வகை லென்ஸ். வெளிச்சத்தில் 8 முதல் 18 சதவீதம்தான் உள்ளே விடும். கடற்கரைக்குச் சரி. தேயிலைத் தோட்டத்து வெயிலிலிருந்து சோலைக்குள் நுழைந்ததும் வேர் எது, பள்ளம் எது, ஒன்றும் தெரியாது. தானாக நிறம் மாறும் லென்ஸா? கருத்தது வெளுக்க நிமிடக் கணக்கு. அதற்குள் நான் புதரில் கிடப்பேன். அப்புறம் இந்த ஏற்றம்! மெதுவாக மிதித்தால் காற்றே இல்லை, கண்ணாடி முழுக்க ஆவி. சட்டையில் துடைத்தால் வியர்வையும் சேறும் இழுகி இன்னும் மோசம். போன வாரம் நிறமே இல்லாத பாலிகார்பனேட் கண்ணாடி, அதாவது எளிதில் உடையாத பிளாஸ்டிக் கண்ணாடி கேட்டேன். “ஹார்டுவேர் கடையில் பாருங்க சார்” என்றார். பார்க்கத்தான் போகிறேன்.