கரப்பான் இருந்தால் தடுப்பூசியே கூடாதாம்

எல்லோரும் பகிரும் அந்தக் குரல் பதிவு எனக்கும் வந்தது. பேசியவர் யார் என்று தோண்ட வேண்டாம். ஆனால் "தோல் அலர்ஜி உள்ளவர்கள் எந்த ஊசியும் போடக்கூடாது" என்று அடித்துச் சொல்ல எங்கிருந்து வந்தது அவ்வளவு தைரியம்?

கரப்பான் (எக்ஸிமா), காணாக்கடி எனும் அரிப்புத் தடிப்பு, சோப்பு பட்டால் வரும் அரிப்பு, எதுவுமே வழக்கமான தடுப்பூசிகளுக்குத் தடை இல்லை. அதே ஊசி முன்பு போட்டபோதோ, அதிலுள்ள ஜெலட்டின், நியோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து போன்ற பொருளாலோ மூச்சுத்திணறல், மயக்கம் என்று கடுமையாக வந்திருந்தால்தான் தடை. நியோமைசின் களிம்பு தடவிய இடத்தில் வெறுமனே அரித்தது என்பதுகூட அந்தக் கணக்கில் சேராது.

"அனஃபிலாக்ஸிஸ் (உயிருக்கே ஆபத்தான கடும் அலர்ஜி) வந்தால் நீ பொறுப்பா?" என்பீர்கள். வரலாம். பத்து லட்சம் டோஸுக்கு ஏறத்தாழ ஒன்று. அதற்காகத்தான் ஊசி போட்டதும் 15 முதல் 30 நிமிடம் வரை அங்கேயே உட்காரச் சொல்கிறார்கள். உடனே அட்ரினலின் மருந்தை ஊசியாகப் போட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

என் மகளுக்குக் கைக்குழந்தையிலிருந்தே கரப்பான். முழங்கை மடிப்பு வெடித்து நீர் வடியும். தூக்கத்திலேயே பிறாண்டி, விடிந்தால் படுக்கை விரிப்பில் ரத்தத் திட்டு. செவிலியர் அவள் தொடையில் தடிப்பில்லாத இடமாகத் தடவிப் பார்த்துப் போட்டார். அவளுக்காகச் செய்த மாற்றம் அவ்வளவுதான். ஆனால் சொந்தபந்தம் கேட்டது: "பிள்ளை உடம்பைப் பார்த்துமா போடுகிறாய்?" உடம்பைப் பார்த்துத்தான் போட்டேன்! புண்ணாகிக் கிடக்கும் தோலில் சின்னம்மைக் கொப்புளமும் கிளம்பினால் கிருமி புகுந்து சீழ் வைக்கும். மற்ற பிள்ளைகளைவிட இவர்களுக்குத்தான் ஊசி அவசியம்.

"பெரியம்மை ஊசி கரப்பான்காரர்களுக்கு ஆகாதே?" உண்மை. பழைய பெரியம்மை ஊசியில் இருந்த உயிருள்ள வாக்சினியா வைரஸ் இவர்கள் தோல் முழுக்கப் பரவி உயிரையே எடுக்கலாம். ஆனால் பெரியம்மை ஒழிந்ததாக 1980-இல் அறிவித்தாயிற்று. குழந்தைகளுக்கு வழக்கமாகப் போடும் ஊசிகளில் அது இல்லை. கடுமையான கரப்பானுக்காக, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் சைக்ளோஸ்போரின், மெத்தோட்ரெக்சேட் மருந்துகளைச் சாப்பிடுகிறவர்கள், உயிருள்ள வைரஸ் ஊசிக்கு முன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். சொல்ல வேண்டிய எச்சரிக்கை அது. அந்தப் பதிவில் அது இருந்ததா?

நல்லெண்ணத்தில்தான் பகிர்ந்தோம் என்கிறீர்கள். பிள்ளை அரித்துக்கொள்ளாமல் இரவெல்லாம் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் தாய்க்கு, "கர்ப்பத்தில் நீ சாப்பிட்டதுதான் காரணம்" என்ற பழி ஏற்கெனவே இருக்கிறது. ஊசி போட்டதும் அவள் குற்றம் என்கிறீர்களா? அந்தப் பதிவை அழியுங்கள். யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ, அவர்களிடம் அது தவறு என்று இன்றே சொல்லுங்கள்.