அகதிகளும் நூதனசாலையும்: திருகோணமலையிலிருந்து ஒரு கருத்து

2024 டிசெம்பரில் முல்லைத்தீவுக் கடலில் தத்தளித்த, மியன்மாரின் ரோஹிங்யா மக்களின் படகு திருகோணமலைக்குக் கொண்டுவரப்பட்டபோது, நம் ஊரில் பலர் சாப்பாடும் உடுப்பும் சேர்க்க ஓடினார்கள். அவர்களை முல்லைத்தீவு முகாமுக்கு மாற்றியதோடு அந்தப் பேச்சும் அடங்கிவிட்டது. பசி தீர்ந்த மனிதருக்கு அடுத்ததாக என்ன தேவை என்று யோசிக்கும்போது, நம்மில் அநேகருக்குத் தோன்றாத ஓர் இடம் எனக்கு நினைவுக்கு வருகிறது: நூதனசாலை.

சிரியாவிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் பெருந்தொகையானோர் ஜேர்மனிக்குத் தஞ்சம் கேட்டு வந்த 2015ஆம் ஆண்டின் இறுதியில், பேர்லினில் இஸ்லாமியக் கலை நூதனசாலையும் வேறு மூன்று நூதனசாலைகளும் சேர்ந்து ‘முல்தகா’ (அரபியில் ‘சந்திக்கும் இடம்’) என்ற திட்டத்தைத் தொடங்கின. வந்தவர்களுக்கு இலவச நுழைவுச்சீட்டைக் கொடுத்துக் கடமையை முடித்துக்கொள்ளாமல், அவர்களுக்குள்ளிருந்தே ஆட்களைத் தெரிந்தெடுத்துப் பயிற்றுவித்து, அரபு மொழியில் விளக்கமளிக்கும் வழிகாட்டிகளாக்கினார்கள். இஸ்லாமியக் கலை நூதனசாலையில் ‘அலெப்போ அறை’ என்றொன்று உண்டு. 1600ஆம் ஆண்டளவில் அலெப்போ நகரத்துக் கிறிஸ்தவ வணிகர் ஒருவரின் வீட்டுக்காக வண்ணம் தீட்டப்பட்ட மரப்பலகைச் சுவர்கள் அவை. குழந்தை இயேசுவை ஏந்திய மரியாளும், லைலா மஜ்னூன் காதலரும், அரபுப் பழமொழிகளும் அவற்றில் அருகருகே இருக்கின்றன. குண்டுவீச்சுக்குத் தப்பி வந்த ஒரு சிரியர் அந்தச் சுவரின் முன்னே நின்று பேசியபோது, அந்த மண்டபத்தில் விஷயம் தெரிந்தவர் அவர்தான். ஜேர்மன் வரலாற்று நூதனசாலையிலோ, உலகப் போரில் இடிந்து கிடந்த நகரங்கள் பிறகு எழும்பிய கதையைத் தம் மக்களுக்கு அவரே சொன்னார். ஒக்ஸ்போர்டின் பிட் ரிவர்ஸ் நூதனசாலையும் பின்னர் இதே வழியைப் பின்பற்றியது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, வழிகாட்டியிடம் அவருடைய துயரக்கதையை யாரும் எதிர்பார்ப்பதில்லை என்பதே. அகதி என்றால் அழுது காட்ட வேண்டும் என்று நினைக்கும் வழக்கம் நம்மிடமும் இருக்கிறது. (நிவாரண வரிசையில் நின்றவர்களுக்கு இது விளங்கும்.)

1983க்குப் பிறகு திருகோணமலைக் கரையிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமுக்குப் போயின. என் மாமி ஊர் திரும்பிப் பல வருடங்களாகியும் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார். மடிப்பில் கிழிந்த இடத்தை உள்ளிருந்து டேப் போட்டு ஒட்டியிருக்கிறார், பதிவு முத்திரைகள் இன்னும் வாசிக்கக்கூடியதாக இருக்கின்றன. 2006இல் சம்பூரை விட்டோடி, கிளிவெட்டி முதலிய முகாம்களில் ஏறக்குறைய பத்து வருடம் கிடந்தவர்களின் வீடுகளிலும் இப்படி ஏதாவது இருக்கும். இவற்றுக்கு நம் ஊர்க் காட்சிப் பெட்டியொன்றிலும் இடமில்லை. இங்குள்ள கடல்சார் நூதனசாலை பழைய ஒல்லாந்தர் கட்டடமொன்றில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைக் கடற்படை நடத்துகிறது. சீருடையைக் கண்டாலே அடையாள அட்டையைத் தேடிப் பழகிய ஒருவர் அந்த வாசலில் எவ்வளவு இயல்பாக நுழைவார் என்பதையும் யோசிக்க வேண்டும். ஆவணம் கேட்காத வாசல், சொந்த மொழியில் ஒரு சொல், உட்கார ஒரு வாங்கு: வரவேற்பென்பது முதலில் இவைதான்.

நிர்வாகமே கதையை எழுதிவிட்டு, அகதியைப் படத்தில் மட்டும் நிறுத்தும் கண்காட்சி எனக்கு உடன்பாடில்லை. எந்தப் பொருளை வைப்பது, எதை வைக்காமல் விடுவது, பெயரைப் போடுவதா என்பதையெல்லாம் பொருளுக்கு உரியவரே தீர்மானிக்க வேண்டும். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் அவருக்கு உரிமை வேண்டும். தஞ்சக் கோரிக்கை விசாரணையில் இருப்பவருக்கு வெளியான ஒரு புகைப்படமே ஆபத்தாகலாம்.

இலங்கை 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் கைச்சாத்திடவில்லை. இங்கு தஞ்சம் கோருவோருக்கு வேலை செய்யும் அனுமதியும் இல்லை. ஆகவே பேர்லினைப் போல ரோஹிங்யா வழிகாட்டியை நியமிக்க இன்று வழியில்லை. தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பி வந்து பிரஜைகளாக வாழ்பவர்களுக்கு அந்தத் தடை கிடையாது. மாநகரசபை மண்டபத்தில் ஒரு மாதத்துக்கு ஓர் அறையை ஒதுக்கி, அவர்களில் நாலு பேருக்கு நாட்கூலியும் பேருந்துச் செலவும் கொடுத்தால் இதைத் தொடங்கிவிடலாம்.