அவிநாசி ரோட்டில் முதலில் பஸ்ஸுக்கு வழி விடுங்கள்

கோவை மெட்ரோ திட்ட அறிக்கையை மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியது. அன்றிலிருந்து இங்கே எல்லோரும் பேசுவது, தப்பு யார் மீது என்பதைத்தான். மெட்ரோ வரவேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் நாளைக்கே அனுமதி கிடைத்தாலும் நிதி, நிலம், டெண்டர், கட்டுமானம் என்று பல வருஷம் ஓடிவிடும். அதுவரை அவிநாசி ரோட்டில் பஸ்ஸுக்காக நிற்கிற ஜனங்களுக்கு என்ன பதில்?

உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கி.மீ. மேம்பாலம், 1,791 கோடி ரூபாயில் கட்டி, 2025 அக்டோபரில் திறந்துவிட்டோம். நல்லது. ஏர்போர்ட்டுக்குக் காரில் போகிறவர் மேலே சர்ரென்று போகிறார். பஸ் ஸ்டாப்புகளோ கீழேதான் இருக்கின்றன. நவ இந்தியா ஸ்டாப்பில் ஏறி பீளமேட்டில் இறங்குகிறவருக்கு அந்தப் பாலத்தால் நேரடியாக எந்தப் பயனும் இல்லை.

சாயங்காலம் ஹோப் காலேஜ் ஸ்டாப்பில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒரு தனியார் டவுன் பஸ் நிழற்குடையைத் தாண்டிப் போய் ரோட்டுக்குக் குறுக்காக நிற்கும். பின்னாலேயே வருகிற பஸ் அதை முந்தி இன்னும் தள்ளிப் போய் நிற்கும். காலேஜ் பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவே ஓடுவார்கள். வேலை முடிந்து வருகிற பெண்கள் பலர் இரண்டிலும் ஏற மாட்டார்கள். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத விடியல் பயணம் அரசு டவுன் பஸ்ஸில் மட்டும்தானே. ஒரு நாளைக்கு இருபது முப்பது ரூபாய் மிச்சம் என்றால் அது வீட்டுக்குப் பெரிய காசு. அதனால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வருகிற பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டு அடுத்ததற்காக நிற்கிறார்கள்.

நான் கேட்பது பஸ்ஸுக்குத் தனிப்பாதை. பிஆர்டிஎஸ் என்கிறார்களே, அதுதான். தூரப் போகிற வண்டிகள் மேலே ஏறிவிட்டதால் கீழே கிடைத்திருக்கிற இடத்தை, மறுபடி காரும் பார்க்கிங்கும் நிரப்புவதற்குள் பஸ்ஸுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். தூண்களை ஒட்டி இரு பக்கமும் ஒவ்வொரு வரிசை. நிமிஷத்துக்கு ஒரு பஸ், பஸ்ஸுக்கு 70 பேர் என்றால் ஒரு திசையில் மணிக்கு 4,200 பேர் போகலாம். சிக்னல் இருக்கிற ரோட்டில் ஒரு கார் வரிசை இதில் பாதியைக்கூடத் தாண்டாது.

உடனே டெல்லியைக் காட்டுவார்கள். அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 2008-இல் திறந்து, 2016-இல் இடித்துவிட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அது 5.8 கி.மீ. துண்டுப் பாதை. எந்த பஸ் வேண்டுமானாலும் உள்ளே நுழையலாம், டிக்கெட் பஸ்ஸுக்குள்தான், சிக்னலில் எல்லோரும் காத்துக் கிடக்க வேண்டும். அகமதாபாத்தில் 2009-இல் தொடங்கிய ஜன்மார்க் என்ற பஸ் தனிப்பாதையில் டிக்கெட் நிலையத்திலேயே வாங்கியாக வேண்டும். நடைமேடையும் பஸ்ஸின் தளமும் ஒரே உயரம் என்பதால் முழங்கால் வலிக்காரரும் ஏறிவிடலாம். பஸ் ஓட்டுகிற நிறுவனத்துக்கு ஓடிய கிலோமீட்டருக்குப் பணம், ஏற்றிய ஆளுக்கு அல்ல. கோவைக்கு மிக முக்கியமானது இந்தக் கடைசி விஷயம். கலெக்‌ஷனை நம்பி ஓடுகிற வரைக்கும் டிரைவர் அடுத்த பஸ்ஸை முந்தத்தான் பார்ப்பார். தனியார் பஸ் முதலாளிகளை விரட்ட வேண்டாம், கிலோமீட்டர் கணக்கில் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவாருங்கள். அப்போது விடியல் பயணத்தை எல்லா பஸ்ஸுக்கும் விரிக்கலாம்.

பஸ் பாதை போட்டால் மெட்ரோ வராமலே போய்விடும் என்று நண்பர்கள் பயப்படுகிறார்கள். நான் நேர்மாறாக நினைக்கிறேன். கனடாவின் ஒட்டாவா நகரம் 1983-இல் பஸ்ஸுக்கென்றே தனிச்சாலை திறந்தது. வளைவையும் ஏற்றத்தையும் பின்னாளில் ரயில் ஓடத் தோதாக அமைத்தார்கள். 2019-இல் அதன் முக்கியப் பகுதியில் ரயிலே வந்துவிட்டது.

நம் அறிக்கையைத் திருப்பி அனுப்பியதற்குச் சொன்ன காரணங்களையும் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை மெட்ரோவுக்கு வேண்டிய 20 லட்சம் இல்லை. நிலையம் கட்டப் பல இடங்களில் அகலம் போதாது. 55 கி.மீ. ஓடுகிற சென்னை மெட்ரோவிலேயே தினமும் சுமார் 4 லட்சம் பேர்தான், கோவையில் 34 கி.மீ.க்கு 5.9 லட்சம் பேர் என்பது எப்படி நம்புவது? முதல் காரணம் 2027 கணக்கெடுப்போடு மாறலாம். மற்ற இரண்டுக்கும் பஸ் பாதையிலேயே பதில் இருக்கிறது. மதிப்பீட்டுக்குப் பதில் தினசரி டிக்கெட் கணக்கு கையில் இருக்கும். தனிப்பாதை போடும்போதே ரயில் நிலையத்துக்கு வேண்டிய ஓர நிலத்தை ஒதுக்கி, பணிமனைக்கும் இடம் பிடித்து, குடிநீர்க் குழாயையும் மின் கேபிளையும் ஒருமுறையிலேயே நகர்த்திவிடலாம். இன்று ஒதுக்காவிட்டால் அந்த ஓரத்தில் கட்டடம் எழும். பிறகு அதைக் கையகப்படுத்த எந்த அரசுக்கும் மனசு வராது.

ஒட்டாவா தடுமாறிய இடத்தையும் சொல்ல வேண்டும். ஊருக்கு வெளியே தனிச்சாலை இருந்தது, நகர மையத்தில் பஸ்கள் சாதாரணத் தெருக்களில்தான் ஓடின. அங்கே பஸ்ஸுக்குப் பின்னால் பஸ்ஸாக வரிசை கட்டி நின்றது. கடைசியில் ரயிலுக்காகச் சுரங்கம் தோண்ட வேண்டியதாயிற்று.

நமக்கும் சிக்கல் அதே மாதிரி இடத்தில்தான். அவிநாசி ரோடு அகலமானது, அங்கே பாதை போடுவது சுலபம். உப்பிலிபாளையம் தாண்டி ரயில்வே ஸ்டேஷனுக்கும் காந்திபுரத்துக்கும் போகிற வழிதான் கஷ்டம். அங்கே சில தெருக்களைப் பஸ்ஸுக்கு மட்டும் என்று ஒதுக்க வேண்டிவரும், கடைக்காரர்கள் எதிர்ப்பார்கள், பார்க்கிங் போகும். திட்டம் போடுகிறவர்கள் இந்த இரண்டு கிலோமீட்டரிலிருந்து தொடங்கட்டும். சுலபமான நீளத்தை முதலில் முடித்துத் திறப்புவிழா நடத்திவிட்டு இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால், பஸ் வேகமாக வந்து உப்பிலிபாளையம் சிக்னலில் கார்களோடு நிற்கும்.