ரீசன்ட் ஆப்ஸை அடிக்கடி துடைத்தால் சார்ஜ் மிச்சமாகுமா?

ஒருவர், அரை மணிக்கொரு தடவை ரீசன்ட் ஆப்ஸ் (போனில் சமீபத்தில் திறந்த ஆப்களின் பட்டியல்) எல்லாவற்றையும் தள்ளி மூடினால் சார்ஜ் இறங்காது என்று எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். நல்லெண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் சரியல்ல.

அந்தப் பட்டியலில் தெரியும் ஆப் எல்லாம் ஓடிக்கொண்டிருப்பதாக அர்த்தம் இல்லை. பெரும்பாலானவை ராமில் (போனின் தற்காலிக நினைவகத்தில்) உறைந்த நிலையில் இருக்கும், பிராசசரைத் தொடாது. மூடிவிட்டு மறுபடி திறந்தால் ஆப் முதலிலிருந்து லோடாக வேண்டும். அதற்குத்தான் கூடுதல் சார்ஜ் போகும். ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகியும் அப்போது ஆண்ட்ராய்டின் தலைவராக இருந்த ஹிரோஷி லாக்ஹைமரும் 2016-லேயே இப்படி மூடத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஹேங் ஆகி வேலை செய்யாத ஆப், வழிகாட்டிக்கொண்டே இருக்கும் மேப் போன்றவற்றை மட்டும் மூடுங்கள்.

நீங்களே சோதிக்கலாம். தினமும் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் போய் வருகிறவர்களுக்கு இது சுலபம்: அதே வழி, அதே டவர்கள், அதே நேரம். மூன்று நாள் மூடிக்கொண்டே போங்கள், மூன்று நாள் தொடாமல் விடுங்கள். ஸ்கிரீன் வெளிச்சத்தை மாற்றாதீர்கள், அதுதான் கணக்கைக் கெடுக்கும். கிளம்பும்போதும் இறங்கும்போதும் சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் பேட்டரி, அதில் பேட்டரி யூசேஜ் பாருங்கள். பயன்படுத்தாத ஆப் ஒன்று மேலே நின்றால், அதன் ஆப் இன்ஃபோவுக்குப் போய் பேட்டரியில் ‘ரெஸ்ட்ரிக்டட்’ (பின்னணியில் ஓடுவதைக் கட்டுப்படுத்துவது) வையுங்கள். வாட்ஸ்அப்புக்கு மட்டும் வைக்க வேண்டாம், மெசேஜ் தாமதமாக வரும்.