சிமெண்ட் மூட்டையோட கோட்டை ஏறாதீங்க

ஆடிப் பதினெட்டு வந்தா சங்ககிரிக்குக் கூட்டம் போகும். 1805ல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட மலை. கூடவே "கோட்டையைப் புதுப்பிக்கணும்"னு ஒரு குரலும் எழும். சரிதானுங்க, ஆனா எதை வெச்சு?

விஜயநகர காலத்துக் கோட்டை, பிறகு மைசூர்க்காரர் கையில, 1792ல் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) கையில. சரிவுல மதிலுக்கு மேல மதில், வாசல் தாண்டி வாசல். ஒரு வாசலை உடைச்சாலும் எதிராளி அடுத்த மதிலுக்கு அடியிலதான் மாட்டுவான். செங்குத்துப் பாறை இருக்கிற பக்கம் சுவருக்கு அதிகம் மெனக்கெடவே இல்லை. கஞ்சத்தனம் இல்லீங்க, கணக்கு. நாமக்கல் கோட்டையிலயும் மதில் கல்லு தன் பாரத்துலயே நிக்குது. சுண்ணாம்புச் சாந்து மேல இருக்கிற கைப்பிடிச் சுவருக்குத்தான்.

இந்த மாதிரி கல்லு, செங்கல், சுண்ணாம்புக் கட்டுமானத்துல தண்ணி உள்ள போனா இணைப்பு வழியா வெளியே வந்துரும். இணைப்பை சிமெண்ட் வெச்சு அடைச்சா அந்த வழி போச்சு. ஈரம் உள்ளேயே தேங்கி பழைய சுண்ணாம்பைக் கரைக்கும், செங்கல்லுல உப்புப் பூக்கும். சில வருசத்துல செங்கல் பொடிஞ்சு கொட்டும், சிமெண்ட் கோடு மட்டும் துருத்திட்டு நிக்கும். வெளியே பார்க்க "நல்லா பூசியிருக்காங்க"ம்பாங்க!

அப்ப சிமெண்டுக்குப் பதிலா சுண்ணாம்புதான். சுண்ணாம்புன்னா கடையில வாங்கிக் கரைச்ச அன்னைக்கே பூசறது இல்லை. நீத்த (தண்ணி ஊத்திப் பூக்க வெச்ச) சுண்ணாம்பை ரெண்டு மூணு வாரமாவது தண்ணிக்கடியில ஊற விடணும். ஒரு பங்குக்கு ரெண்டரை, மூணு பங்கு உப்பில்லாத மணல் சேர்த்து அரைக்கணும். கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணி சேர்க்கிறது பழைய வழக்கம். பழைய சாந்து எப்படி இருக்குன்னு பார்த்து அளவை மாத்திக்கணும். பூசினப்புறம் ஈரச் சாக்குப் போட்டு ஒரு வாரம் காயாம பாத்துக்கணும். சித்திரை வெயில்ல செஞ்சா வெடிப்பு நிச்சயம். தை, மாசிதான் தோது.

அதுக்கும் முன்னாடி செடி. காக்கா எச்சத்துல முளைச்ச ஆலும் அரசும் விரல் மொத்தம் இருக்கும்போதே வேரோட பிடுங்கிரணும். மேல மட்டும் வெட்டினா தழைக்கும், வேர் பெருத்துக் கல்லை நெம்பும். பெருத்துப் போனதை இழுத்தா சுவரும் கூடவே வரும். அடித்தண்டுல துளை போட்டு செடியைச் சாகடிக்கிற மருந்து வெச்சு, வேர் செத்த பிறகுதான் அந்தக் கல்லுகளுக்கு நம்பர் எழுதிப் பிரிச்சு அடுக்கணும்.

காசு குறைவா இருந்தா பூச்சே வேண்டாம். புரட்டாசிக்குள்ள மதில் மேல தண்ணி ஓடற வாட்டத்தையும் வடிகால் துளைகளையும் சுத்தம் பண்ணுங்க, போதும்.