மாவு பொங்குவதும் மஞ்சள் மாத்திரையும்

இந்த மே மாச வெக்கையில் ராத்திரி பத்து மணிக்குக் கரைத்து வைத்த மாவு, விடியற்காலை நாலரைக்கே பொங்கி மேடையில் வழிந்து கிடந்தது. பெரம்பூரில் எங்கள் அம்மா இதைக் கைராசி என்பார். நுண்ணுயிரியல் படித்த எனக்கு அந்தப் பாத்திரத்தைப் பார்த்தால் இன்றும் மனசு பொங்குகிறது.

லூக்கோனாஸ்டாக் மெசென்டராய்டிஸ் என்ற பாக்டீரியாதான் மாவைப் பொங்க வைப்பதில் முக்கியம் என்று 1965இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. இதை நாம் வெளியிலிருந்து சேர்ப்பதில்லை. உளுந்தோடும் அரிசியோடும் கூடவே வருகிறது. மாவைப் புளிக்க வைப்பதில் அதற்கும் பங்கு உண்டு, வாயுவை உண்டாக்குவதும் அதுதான். அந்த வாயு வெளியே ஓடிவிடாமல் பிடித்து வைப்பது உளுந்தின் கொழகொழப்பு. உளுந்தைத் தனியாக, பந்து மாதிரி வரும்வரை ஆட்டச் சொன்ன பாட்டிகளுக்கு இது கை வழியே தெரிந்திருக்கிறது. மாவில் ஆப்பசோடா போடுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அத்தனை வேலையையும் அந்த உயிர்கள் ஏற்கெனவே செய்து முடித்திருக்கின்றன!

ஆனால் குடும்ப வாட்ஸப் குழுவில் சுற்றும் 'இட்லி சாப்பிட்டால் கோடிக்கணக்கான நல்ல பாக்டீரியா வயிற்றுக்குள் போகும்' என்பது தவறு. பத்து நிமிடம் ஆவியில் வெந்தால் அவை பிழைக்காது. இட்லியின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது: புளிக்கும்போது, தானியத்தில் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் பைட்டேட் என்ற பொருள் குறைவதால் இரும்புச்சத்து உடம்பில் சேர வழி கிடைக்கிறது. உயிரோடு பாக்டீரியா வேண்டுமென்றால் பழைய சோறு. அதை மறுபடி அடுப்பில் ஏற்றுவதில்லையே. நம் ஊர் ஸ்டான்லி அரசு மருத்துவமனை மருத்துவர்கள் குடல் அழற்சி நோயாளிகளுக்காகப் பழைய சோற்றை ஆய்வுக்கு எடுத்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம். நம் சாப்பாட்டுக்குச் செய்யும் மரியாதை என்றால் அதுதான்.

இதையெல்லாம் எழுத வைத்தது என் சித்தி. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர். யாரோ சொன்னார்கள் என்று மஞ்சளும் மிளகும் சேர்ந்த கேப்சூலையும் மூன்று மாதமாக யாரிடமும் சொல்லாமல் விழுங்கியிருக்கிறார். ஈறில் ரத்தம் கசிந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

'மஞ்சள்தானே, என்ன பண்ணிடும்?' என்று கேட்டார். சித்தி, குழம்பு மஞ்சள் வேறு, இது வேறு. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்ற பொருள் மஞ்சள்தூளில் சுமார் 3 சதவீதம்தான். பெங்களூரில் செய்து 1998இல் வெளியான ஆய்வில் ஆட்களுக்குக் கொடுத்தது 2 கிராம் குர்குமின். தூளாகக் கணக்குப் போட்டால் 60 கிராமுக்கு மேல். எந்த வீட்டுக் குழம்பில் அவ்வளவு போடுகிறோம்? தனியாகக் கொடுத்த குர்குமின் ரத்தத்தில் அநேகமாகத் தென்படவே இல்லை. மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்ததும் பல மடங்கு ஏறியது. அந்தப் பைப்பரின் மஞ்சளுக்கு மட்டும் கதவைத் திறந்துவிடுவதில்லை. மருந்துகளை உடைத்து வெளியேற்றும் கல்லீரலின் வேலையையே தளர்த்துகிறது. நாம் சாப்பிடும் வேறு மாத்திரைகளின் அளவும் ரத்தத்தில் கூடலாம்.

டாக்டர் அன்றைக்கே கேப்சூலை நிறுத்தச் சொல்லிவிட்டார். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இந்த மாதிரி ஏதாவது சாப்பிடுகிறார்களா என்று இன்று ராத்திரியே கேளுங்கள். சாப்பிட்டால், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்த டப்பாவையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.